‘சூஸ் எ லைசென்ஸ்’ தளம்: எதுவரை நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புது ரெப்போ (நிரல் களஞ்சியம்) தொடங்கும்போது உரிமம் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் விரியும். அந்தப் பட்டியலுக்கு உரிம வாசகங்களும் விளக்கங்களும் சூஸ் எ லைசென்ஸ் டாட் காம் என்ற தளத்திலிருந்து வருகின்றன. 2013இல் இந்தத் தளத்தைத் தொடங்கியது கிட்ஹப். இன்றும் அவர்களே பராமரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, கணக்கு தேவையில்லை. தளத்தின் மூலநிரலும் பொதுவில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் பை 3.0 உரிமத்தில் கிடைக்கிறது. எம்ஐடி போடுவதா ஜிபிஎல் போடுவதா என்று திகைத்து நிற்கும் நிரலாளருக்கு முதலில் கைகாட்டப்படும் இடம் இதுதான்.

அந்த வேலைக்கு நல்ல தளம். ஆனால் திறந்த மூலமா (யாரும் எடுத்து, மாற்றி, பகிரலாம்), மூடிய மூலமா என்ற முதல் முடிவுக்கு இதை நம்பிப் போனால் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும். உங்களுக்கு என்ன விருப்பம் என்று இது கேட்கிறது. அந்த நிரலை அப்படிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பதில்லை. உரிமச் சிக்கல்கள் பெரும்பாலும் முளைப்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

முகப்பில் மூன்று பெட்டிகள். ஏற்கெனவே ஒரு சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் அவர்கள் பயன்படுத்தும் உரிமத்தையே எடுங்கள் என்கிறது முதல் பெட்டி. எளிமையாக, கட்டுப்பாடு குறைவாக வேண்டும் என்றால் எம்ஐடி. மேம்படுத்துகிறவர்கள் அதைத் திருப்பிப் பகிர வேண்டும் என்றால் ஜிபிஎல் 3. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் மூன்று சுட்டிகள்: என்னுடையது மென்பொருள் அல்ல, இன்னும் தேர்வுகள் வேண்டும், உரிமமே தேர்ந்தெடுக்க விருப்பமில்லை.

இந்த வரிசையில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. சமூகம் என்ற பெட்டியை முதலில் வைத்ததுதான் அது. ரஸ்ட் மொழியில் நூலகம் எழுதுகிறவர் எம்ஐடி, அப்பாச்சி 2.0 இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அங்குள்ள வழக்கம். வேர்ட்பிரஸ் சார்ந்த செருகுநிரல் என்றால் ஜிபிஎல் 2 அல்லது பிந்தைய பதிப்பு. அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டம் என்றால் அப்பாச்சி 2.0 தவிர வேறு பேச்சில்லை. இங்கெல்லாம் சொந்தத் தத்துவத்தைக் கொண்டுபோய் நுழைத்தால் யாரும் அந்த நிரலைத் தொட மாட்டார்கள்.

தளத்தின் சிறந்த பகுதி முகப்பு அல்ல, பின்னிணைப்பு அட்டவணை. ஒவ்வொரு உரிமத்துக்கும் எதெல்லாம் அனுமதி, எதெல்லாம் நிபந்தனை, எதெல்லாம் வரம்பு என்று பச்சை, நீலம், சிவப்புப் புள்ளிகளால் காட்டுகிறார்கள். வணிகப் பயன்பாடு எல்லாவற்றிலும் பச்சை என்பதைப் பார்த்தாலே, “திறந்த மூலம் என்றால் காசு வாங்கக் கூடாது” என்ற பழைய தவறான எண்ணம் போய்விடும். எம்ஐடியின் வரிசையில் காப்புரிமைக் கட்டம் காலியாக இருப்பதைக் கவனியுங்கள். பதிப்புரிமை வேறு, காப்புரிமை வேறு: முன்னது எழுதிய வரிகளுக்கு, பின்னது அந்த வரிகள் செயல்படுத்தும் கண்டுபிடிப்புக்கு. எம்ஐடி காப்புரிமை பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. பதிப்புரிமையையே விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆவணமான சிசி0 ஒரு படி மேலே போய், காப்புரிமை தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அட்டவணையில் அதைச் சிவப்பில் சரியாகக் குறித்திருக்கிறார்கள்.

இந்தக் காலிக் கட்டம் வெறும் தாள் விஷயம் இல்லை. ஃபேஸ்புக் தன் ரியாக்ட் நூலகத்தை, எம்ஐடி போலவே தாராளமான பிஎஸ்டி உரிமத்தோடு ஒரு தனிக் காப்புரிமை இணைப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தது. தங்கள் மீது காப்புரிமை வழக்குப் போட்டால் அந்த அனுமதி ரத்து என்பது அதன் சாரம். 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று அறிவித்தது. அதே செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு மாறியது. உரிமக் கோப்பில் நாமாக ஒரு பத்தி சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம்.

உரிமங்களின் தனிப் பக்கங்களும் நன்றாக இருக்கின்றன. மேலே இரண்டு வரி விளக்கம், கீழே முழு வாசகம், நகலெடுக்க ஒரு பொத்தான், எந்தப் பெயரில் கோப்பு வைக்க வேண்டும் என்ற குறிப்பு. எம்ஐடி என்றால் ஆண்டையும் பெயரையும் நிரப்பினால் முடிந்தது. இங்கேயே முதல் தவறு நடக்கிறது. கிட்ஹப் பட்டியல் வழியாகச் சேர்த்தால் பெயர் தானாக நிரம்பும். பெரும்பாலும் கணக்கு வைத்திருப்பவரின் பெயர். அந்த நிரல் வேலை நேரத்தில், முதலாளிக்காக எழுதியது என்றால் பதிப்புரிமை பெரும்பாலும் நிறுவனத்துடையது. தன்னுடையது அல்லாத ஒன்றுக்கு ஒருவர் உரிமம் கொடுத்திருப்பார். அதை நம்பி எடுத்தவர் கையில் இருப்பது மதிப்பில்லாத தாள். ஒப்பந்த வேலைக்கு நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம்: எழுத்து மூலம் மாற்றித் தராதவரை எழுதியவரிடமே உரிமை தங்கிவிடும், காசு கொடுத்தவரிடம் இருக்காது. வேலை ஒப்பந்தத்தில் “படைப்புகளின் உரிமை” பற்றிய பத்தியைப் படிக்காமல் எந்தப் பொத்தானையும் அழுத்தக் கூடாது. தளம் இதைப் பற்றி முகப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பாச்சி 2.0இல் சறுக்குவது வேறு இடத்தில். உரிமத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு உண்டு. அதில் ஆண்டு, உரிமையாளர் பெயர் என்று சதுர அடைப்புக்குள் இடம் விட்டிருப்பார்கள். பலரும் உரிமக் கோப்பிலேயே அதை நிரப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த வாசகம் ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் நகலெடுத்து ஒட்டுவதற்கான மாதிரி. உரிமக் கோப்பை அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்தவரின் அப்பாச்சி நிரலை எடுத்துப் பயன்படுத்தும்போது நான்கு கடமைகள்: உரிமத்தின் நகலைக் கொடுக்க வேண்டும், மாற்றிய கோப்புகளில் மாற்றியதாகக் குறிக்க வேண்டும், மூலநிரலில் இருக்கும் பதிப்புரிமைக் குறிப்புகளை அழிக்கக் கூடாது, நோட்டீஸ் என்ற பெயரில் கோப்பு இருந்தால் அதன் உள்ளடக்கமும் கூடவே போக வேண்டும். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பதிலாகக் கிடைப்பது தெளிவான காப்புரிமை அனுமதி; வழக்குப் போடுகிறவருக்கு மட்டும் அது முடிந்துபோகும்.

ஜிபிஎல் பக்கத்தில்தான் தளத்தின் எளிமை உதைக்கிறது. 2007 ஜூன் 29 அன்று வெளியான ஜிபிஎல் 3இன் வாசகத்தை ரெப்போவில் போட்டுவிட்டால் மட்டும் போதாது. “இந்தப் பதிப்பு மட்டும்” என்பதா, “இது அல்லது பிந்தைய எந்தப் பதிப்பும்” என்பதா என்று எங்காவது எழுத வேண்டும். உரிமக் கோப்பு இரண்டுக்கும் ஒன்றேதான். வித்தியாசம் மூலக் கோப்புகளின் தலைக்குறிப்பில்தான் இருக்கும். அந்தக் குறிப்பைச் சேர்ப்பதை தளம் ஒரு கூடுதல் படியாக, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பரிந்துரையாகச் சொல்லிவிட்டு நகர்கிறது. எதுவும் எழுதாமல் விட்டால் 14ஆம் பிரிவுக்குப் போக வேண்டும்: எந்தப் பதிப்பு என்று நிரல் குறிப்பிடாதபோது, அறக்கட்டளை இதுவரை வெளியிட்ட எந்தப் பதிப்பையும் பெறுகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒருவர் 3 மட்டும் என்று மனத்தில் வைத்திருந்து எழுதாமல் விட்டால், மற்றவர் 1ஐக் கூட எடுத்துக்கொண்டேன் என்று வாதாட இடம் கிடைத்துவிடுகிறது.

உரிமங்களைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் என்ற அடையாளக் குறிகள் இந்தக் குழப்பத்துக்காகவே மாற்றப்பட்டன. வெறும் ஜிபிஎல்-3.0 என்ற குறியைக் காலாவதியாக்கிவிட்டு ஜிபிஎல்-3.0-ஒன்லி, ஜிபிஎல்-3.0-ஆர்-லேட்டர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். லினக்ஸ் கெர்னலின் உரிமம் ஜிபிஎல் 2 மட்டும். பிந்தைய பதிப்பு அனுமதி கிடையாது. ஒவ்வொரு கோப்பின் முதல் வரியில் எஸ்பிடிஎக்ஸ் குறியைப் போடுவது ஒரு நிமிட வேலை. பல்லாயிரம் கோப்பு இருந்தாலும் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் கருவி எல்லாவற்றிலும் சேர்த்துத் தரும், விட்டுப்போனவற்றைச் சொல்லியும் தரும்.

குறிகளில் இன்னொரு பொறி. பிஎஸ்எல்-1.0 என்பது பூஸ்ட் உரிமம், தாராளமான திறந்த மூலம். பிஎஸ்எல் என்றே பேச்சில் அழைக்கப்படும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்தின் குறி பியுஎஸ்எல்-1.1, அது திறந்த மூலமே அல்ல. ஓர் எழுத்தைத் தவறவிட்டால் பொருள் எதிர்த்திசையில் போய்விடும்.

கிட்ஹப் ஒரு ரெப்போவின் உரிமத்தைத் தானாகக் கண்டுபிடித்துப் பக்கவாட்டில் காட்டுவது, உரிமக் கோப்பைத் தெரிந்த வாசகங்களோடு ஒப்பிட்டுத்தான். எம்ஐடியின் நடுவே “ராணுவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்று ஒரு வாக்கியம் நுழைத்தால், வாசகம் போதுமான அளவுக்குப் பொருந்தாமல் பெயர் காட்டாது. காட்டினாலும் அது எம்ஐடி அல்ல. ஜேசன் உரிமம் இதற்குப் பிரபலமான உதாரணம்: எம்ஐடியை எடுத்து “நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீயதற்கு அல்ல” என்று ஒரே ஒரு வரி சேர்த்தது. நல்லெண்ணம்தான். ஆனால் எது தீயது என்று யார் தீர்மானிப்பது? கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. அதைக் கொண்ட நிரல்களைப் பல விநியோகங்கள் விலக்கின.

தளத்தின் மிகப் பெரிய குறை: இரண்டு உரிமங்கள் ஒன்றாகப் போகுமா என்பதற்குப் பதில் இல்லை. அட்டவணை ஒவ்வொரு உரிமத்தையும் தனித்தனியே விளக்குகிறது. ஆனால் இன்றைய மென்பொருள் எதுவும் தனியாக நிற்பதில்லை. ஒரு சிறிய இணையச் செயலிகூட நூற்றுக்கணக்கான நூலகங்களை இழுத்துக்கொண்டு வருகிறது. நீங்கள் தரக்கூடிய உரிமத்தை உள்ளே வந்த உரிமங்கள் பாதி தீர்மானித்துவிட்டன. எம்ஐடி, பிஎஸ்டி நிரல்கள் எதற்குள்ளும் போகும். அப்பாச்சி 2.0 நிரல் ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் போகலாம். ஜிபிஎல் 2 மட்டும் என்ற திட்டத்துக்குள் போக முடியாது, ஏனென்றால் அப்பாச்சியின் காப்புரிமை நிபந்தனை ஜிபிஎல் 2 அனுமதிக்காத கூடுதல் கட்டுப்பாடு. மொசில்லா 2.0 கோப்பு அளவில் மட்டும் பிடிக்கும்: அந்த உரிமத்தில் உள்ள கோப்புகளை, மாற்றியவை உட்பட, திறந்தால் போதும், பக்கத்துக் கோப்புகள் மூடியே இருக்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டு கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ உரிமத்தில் வருகிறது, 4.0 பதிப்பு ஜிபிஎல் 3க்குள் போகலாம், மூடிய பொருளுக்குள் அமைதியாகப் போட்டுவிட முடியாது. இந்தப் பொருத்தத்துக்கு வேறு இடம்தான் போக வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் இன்டராப்பரபிள் யூரோப் தளத்தில் (முன்பு ஜாய்னப்) உரிம உதவிக் கருவி இருக்கிறது. ஒஎஸ்ஏடிஎல் என்ற அமைப்பு வெளியிட்டிருக்கும் பொருத்த அட்டவணை இன்னும் நுணுக்கமானது, முதல் பார்வைக்குத் தலைசுற்றும்.

மூடிய மூலம் பற்றித் தளம் என்ன சொல்கிறது

“உரிமம் வேண்டாம்” என்ற ஒரே பக்கம். உரிமம் போடாவிட்டால் முழுப் பதிப்புரிமையும் எழுதியவரிடமே இருக்கும், வேறு யாரும் நகலெடுக்கவோ மாற்றவோ பரப்பவோ முடியாது என்று சரியாகவே சொல்கிறது. கிட்ஹப்பில் பொது ரெப்போவாக வைத்தால் அதன் விதிமுறைப்படி மற்றவர்கள் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள் ஃபோர்க் செய்யலாம் (தங்கள் கணக்கில் நகல் வைத்துக்கொள்ளலாம்). அதற்கு மேல் இல்லை. பொதுவில் இருப்பதாலேயே திறந்த மூலம் ஆகிவிட்டது என்று நினைத்துப் பொருளுக்குள் அள்ளிப் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஆனால் மூடிய பொருளாக விற்கப் போகிறவருக்கு இது போதாது. உரிமம் இல்லாமை வேறு, மூடிய உரிமம் வேறு. வாடிக்கையாளர் நிறுவுவதற்கே ஓர் அனுமதி வேண்டும்: எத்தனை கணினியில், எத்தனை பேர், எவ்வளவு காலம், காப்பு நகல் எடுக்கலாமா, புதுப்பிப்பு உண்டா, நிறுவனம் மூடப்பட்டால் மூலநிரல் என்ன ஆகும். பெரிய வாடிக்கையாளர்கள் கடைசிக் கேள்விக்கு எஸ்க்ரோ கேட்பார்கள், அதாவது மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் வைத்திருந்து, குறிப்பிட்ட நிலைமையில் தங்களுக்குத் தர வேண்டும் என்று. இந்த எல்லாவற்றுக்கும் தயார் வாசகம் இல்லை, இருக்கவும் முடியாது. இங்கே வழக்கறிஞர் கட்டணம் தவிர்க்க முடியாத செலவு. திறந்த மூலத்தின் பெரிய வசதியே, பல பத்தாண்டுகளாகப் பலர் படித்துத் தேய்த்த வாசகம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதுதான்.

இதைவிட முக்கியம், மூடிய பொருளுக்குள் திறந்த நூலகங்கள் இருக்கும்போது மூடிய உரிமத்தில் எதை எழுதக் கூடாது என்பது. மாதிரி வாசகங்களில் “எவ்வகையிலும் பின்னோக்கிப் பொறியியல் செய்யக் கூடாது”, அதாவது பொருளைப் பிரித்து உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராயக் கூடாது, என்ற வரி தவறாமல் இருக்கும். உள்ளே, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லில் வந்த நூலகம் ஒன்று இருந்தால் அந்த வரியே மீறல். நூலகத்தை மாற்றிப் பொருத்தவும், அந்த மாற்றத்தைப் பிழைதிருத்துவதற்காகப் பின்னோக்கிப் பொறியியல் செய்யவும் பயனருக்கு இடம் விட வேண்டும் என்று எல்ஜிபிஎல் 2.1இன் 6ஆம் பிரிவும், 3இன் 4ஆம் பிரிவும் சொல்கின்றன. நூலகத்தைத் தனிக் கோப்பாக, இயங்கும்போது இணையும்படி வைத்தால் சிரமமில்லை. நிரலோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டினால், பயனர் மறுபடி இணைத்துக்கொள்ளத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தர வேண்டியிருக்கும். கைப்பேசிச் செயலிகளில் பலர் மாட்டுவது இங்கேதான்.

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கடமை மாறும். நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் கருவியில் ஜிபிஎல் நிரல் இருந்தால் எந்தக் கடமையும் இல்லை. வெளியே கொடுத்தால்தான் ஜிபிஎல் விழிக்கும். சர்வரில் ஓடும் சேவைக்கும் அப்படியே. ஆனால் உலாவிக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் வெளியே போகிறது. டாக்கர் படத்தை (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் உங்கள் நிரல் மட்டுமல்ல, அதற்கு அடியில் இருக்கும் பிஸிபாக்ஸ், பாஷ் எல்லாமும் உங்கள் கையால் விநியோகமாகின்றன. இந்தச் சர்வர் இடைவெளியை அடைக்க வந்ததுதான் ஏஜிபிஎல் 3. அதன் 13ஆம் பிரிவுப்படி, நிரலை மாற்றி வலை வழியாகப் பிறர் பயன்படுத்தவிட்டால் அவர்களுக்கு மூலநிரல் தர வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் அந்தப் பிரிவு வேலை செய்யாது. பல பெரிய நிறுவனங்கள் இந்த நுணுக்கத்துக்குள் போகாமல் ஏஜிபிஎல் என்ற பெயரைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிடுகின்றன. அந்தப் பயத்தையே வருமானமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்: ஏஜிபிஎல் இலவசம், அது வேண்டாம் என்றால் எங்களிடம் வணிக உரிமம் வாங்குங்கள்.

இந்த இரட்டை உரிம வியாபாரத்துக்கு ஒரு முன்நிபந்தனை: நிரலின் ஒவ்வொரு வரிக்கும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும், அல்லது மறு உரிமம் தரும் அனுமதி இருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல், க்யூட்டி போன்றவை அப்படித்தான் நடக்கின்றன. கிட்ஹப் விதிமுறைப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பங்களிப்பு உள்ளே வருவது ரெப்போவின் உரிமத்திலேயே. ரெப்போ எம்ஐடி என்றால் பாதகமில்லை, வந்ததை மூடிய பதிப்பிலும் சேர்க்கலாம். ஏஜிபிஎல் என்றால், வெளியாள் திருத்திய நாற்பது வரி உங்கள் வணிகப் பதிப்புக்குள் நுழையும்போது நீங்களே உரிமத்தை மீறியவர் ஆகிறீர்கள். அதனால் மறு உரிமம் தரும் அனுமதியைப் பெறும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு (வெளியாளின் திருத்தக் கோரிக்கை) முன்பே வைக்க வேண்டும். கிட் கமிட்டில் சின்ன எஸ் கொடியைச் சேர்த்தால் விழும் “சைன்டு-ஆஃப்-பை” வரி இதற்குப் போதாது. அது, இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி மட்டுமே. மறு உரிமம் தரும் அதிகாரத்தை மாற்றித் தருவதில்லை.

ஒப்பந்தம் இல்லாமல் வளர்ந்த திட்டத்தில் உரிமத்தை மாற்றுவது எவ்வளவு பாடு என்பதற்கு விஎல்சி என்ற காணொளி இயக்கி சாட்சி. ஜிபிஎல்லில் இருந்த அந்த இயக்கியின் கருவை எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, பல ஆண்டுகளில் பங்களித்தவர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கினார்கள். சம்மதம் கிடைக்காத இடத்தில் மீதமிருப்பது அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதுவதுதான்.

ஒருவழிக் கதவு

மூடிய நிரலை எந்த நாளிலும் திறக்கலாம். திறந்து வெளியிட்ட பதிப்பை மூட முடியாது. அடுத்த பதிப்பை மட்டுமே மூடலாம். இதை முகப்பில் பெரிய எழுத்தில் சொல்லாதது தளத்தின் பிழை என்றே கொள்ள வேண்டும். கடந்த சில ஆண்டுகளின் நிகழ்வுகள் வேறு விளக்கம் தேவையில்லாதபடி இதைக் காட்டுகின்றன. தேடல் மென்பொருள் தரும் எலாஸ்டிக் 2021 ஜனவரியில் அப்பாச்சி 2.0ஐ விட்டு விலகுவதாக அறிவித்ததும், பழைய பதிப்பை எடுத்து அமேசான் ஓபன்சர்ச் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெராஃபார்மை மொசில்லா உரிமத்திலிருந்து பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. சில வாரங்களில் பழைய பதிப்பிலிருந்து ஓபன்டோஃபு பிறந்து லினக்ஸ் அறக்கட்டளைக்குள் போனது. 2024 மார்ச்சில் ரெடிஸ் பிஎஸ்டியைக் கைவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அதன் பழைய பதிப்பிலிருந்து வால்கீ வந்துவிட்டது. பிறகு எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துத் திரும்பின. போன வாடிக்கையாளர் எல்லோரும் அப்படித் திரும்புவதில்லை.

இந்த நிறுவனங்களின் கவலை நியாயமானதே. தாங்கள் எழுதியதை மேகக் கணிமை நிறுவனங்கள் அப்படியே சேவையாக விற்றன. தவறு, அந்த ஆபத்தை முதல் நாளில் யோசிக்காமல் பரவலுக்காகத் தாராள உரிமம் போட்டு, பரவிய பிறகு கதவைச் சாத்த முயன்றது. சேவையாக விற்கப்போகும் பொருள் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே ஏஜிபிஎல் போடலாம், அல்லது மூலநிரலைக் காட்டி, சில பயன்பாடுகளை மட்டும் தடுக்கும் நடுவழி உரிமம் எடுக்கலாம், அல்லது மூடியே வைக்கலாம். மூன்றும் மரியாதையான தேர்வுகள்.

நடுவழி உரிமங்களைத் தளம் பட்டியலில் வைக்கவில்லை. அவை திறந்த மூலம் அல்ல என்பதால் அது சரியான முடிவுதான். இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியவை. பிசினஸ் சோர்ஸ் 1.1இல் நிரப்ப வேண்டியவை: எந்தப் பொருள், கூடுதலாக எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி, எந்தத் தேதியில் மாறும், எந்த உரிமத்துக்கு மாறும். ஒவ்வொரு பதிப்பும் வெளியாகி அதிகபட்சம் நான்கு ஆண்டில் திறந்த உரிமத்துக்கு மாறியே தீர வேண்டும். மாறும் உரிமம் ஜிபிஎல் 2 அல்லது பிந்தைய பதிப்போடு பொருந்துவதாக இருக்க வேண்டும். இதில் சறுக்கல் எப்போதும் இரண்டாவது இடத்தில்தான். “போட்டியான சேவைக்குப் பயன்படுத்தக் கூடாது” என்று மட்டும் எழுதினால், போட்டி என்பது இன்றைய பொருளுக்கா, நாளை நீங்கள் தொடங்கப் போகும் பொருளுக்கா என்று வாடிக்கையாளரின் சட்டப் பிரிவு கேட்கும். பதில் கிடைக்கும்வரை வாங்காது. சென்ட்ரி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஃபங்ஷனல் சோர்ஸ் உரிமம் இந்தக் காலி இடங்களைக் குறைத்து, இரண்டே ஆண்டில் அப்பாச்சி அல்லது எம்ஐடிக்கு மாறும்படி வைத்தது. இரண்டில் அதுவே தெளிவு.

தளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்றால், கடைசியில். முதலில் வேலை ஒப்பந்தத்தைப் பார்த்து உரிமையாளர் யார் என்று எழுதி வையுங்கள். அடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று எடுங்கள்: பைத்தானுக்கு பிப்-லைசென்ஸஸ், ரஸ்ட்டுக்கு கார்கோ-டெனை, கலந்த திட்டத்துக்கு ஸ்கேன்கோட். பட்டியலில் ஜிபிஎல், ஏஜிபிஎல், “தெரியவில்லை” என்று வருகிற மூன்று வகையை மட்டும் கையால் சரிபாருங்கள். மூன்றாவது வகை பெரும்பாலும் உரிமமே இல்லாத நூலகம். அதன் ஆசிரியரிடம் சேர்க்கச் சொல்லுங்கள், சேர்க்காவிட்டால் தூக்கிவிடுங்கள். பிறகு எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள், காசு எங்கிருந்து வரும் என்று தீர்மானியுங்கள். அதற்குப் பிறகு தளத்துக்குப் போனால் ஐந்து நிமிட வேலை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால்: பிறர் தங்கள் நிரலுக்குள் சேர்க்கும் நூலகம் என்றால் எம்ஐடியைவிட அப்பாச்சி 2.0 மேல், காப்புரிமைக்காக. ஜிபிஎல் 2 உலகத்துக்குள்ளும் போக வேண்டும் என்றால் ரஸ்ட் வழக்கப்படி இரண்டையும் கொடுங்கள். பயனர் நேரடியாக நிறுவும் செயலிக்கு ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது. ஆப்பிளின் செயலிக் கடைக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், விஎல்சி 2011இல் அங்கிருந்து நீக்கப்பட்டது ஜிபிஎல் முரண்பாட்டால்தான். எழுத்துருவுக்கு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம். ஆவணத்துக்கும் படத்துக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ், நிரலுக்கு அது வேண்டாம். திறப்பதா என்று இன்னும் மனம் முடிவாகவில்லை என்றால் மூடியே வையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மேலே பார்த்தோம்.

மூடி வைப்பதாக முடிவெடுத்து, ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கான என்பிஎம் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் ஓர் எழுத்துவரிசையைக் கவனிக்க வேண்டும். உரிமப் புலத்தில் பெரிய எழுத்தில் “அன்லைசென்ஸ்டு” என்று போட்டால் யாருக்கும் அனுமதி இல்லை என்று பொருள். கடைசி எழுத்தை விட்டுவிட்டு “அன்லைசென்ஸ்” என்று போட்டால், அது எல்லா உரிமையையும் பொதுவுக்குக் கொடுத்துவிடும் வேறோர் உரிமத்தின் பெயர். பக்கத்திலேயே “பிரைவேட்” புலத்தை ட்ரூ என்று வைத்துவிட்டால், தவறுதலாக வெளியிட முயன்றாலும் என்பிஎம் மறுத்துவிடும்.